வட்டிலப்பம் வந்த அத்தியாயம்

சிவநந்தினி பொன்னாங்காணி ஆய்ந்துகொண்டிருந்தாள். குசினி வாசலில் சின்னக் கதிரையைப் போட்டு, மடியில் சுளகை வைத்து, ஒவ்வொரு தண்டாக விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்துக் கிள்ளினாள். கீரை இலை சதை பிடித்தாற்போல இருக்கும். கூட வரும் புல் விரலைக் கீறும். அந்த வித்தியாசம் ஒன்றை நம்பித்தான் இப்போது கீரை ஆய்வது. முடிந்ததும் சுளகை மேடையில் வைத்தாள். மகள் தனுஷா வந்து அதை அப்படியே பேசினுக்குள் கொட்டி, பைப்பைத் திறந்து, முதலிலிருந்து ஆயத் தொடங்கினாள். தண்ணீர் ஓடுகிற நேரத்தை வைத்தே தாய்க்கு அது விளங்கியது.

"நெறைய புல்லு கெடக்கா?"

"இல்லம்மா. சும்மா கழுவுறேன்."

"கழுவுறவ எதுக்கு ஒவ்வொண்ணா கழுவுற?"

தனுஷா பைப்பை மூடினாள். பிறகு திறந்தாள். "மண்ணு இருக்கு" என்றாள்.

சிவநந்தினிக்குக் கண்ணின் ஓரங்கள் நன்றாகத்தான் இருந்தன. கெட்டுப்போனது நடு. ஒருவர் முன்னால் வந்து நின்றால் காது தெரியும், தோள் தெரியும், கையில் பிடித்திருக்கும் குடையின் நிறம்கூடத் தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஆவி படிந்த கண்ணாடி மாதிரி ஒரு சாம்பல் திட்டு. புத்தகத்தைத் திறந்தால் இன்னும் மோசம். எந்தச் சொல்லைப் பார்க்கிறாளோ அந்தச் சொல் மறையும். பார்க்காத சொற்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும்.

சீனி வருத்தம் செய்த வேலை. கண்டியில் கண் டொக்டர் சிங்களத்தில் பொறுமையாகவே சொன்னார்: போனது போனதுதான், மிச்சம் இருப்பதைக் கொஞ்ச நாளைக்குக் காப்பாற்றப் பார்க்கலாம். தனுஷா அதைத் தமிழில் திருப்பிச் சொல்ல வாயெடுத்தாள். "எனக்கு வெளங்கிருச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து, கதவு என்று நினைத்து அலுமாரிப் பக்கம் போனாள் சிவநந்தினி.

இத்தனைக்கும் மருந்துக்குள்ளேயே வாழ்ந்தவள். மாத்தளை டவுனில், அப்துல் ஸமத் ஹாஜியாரின் பார்மசியில், கவுண்டருக்குப் பின்னால் நின்றே அவளுக்குத் தலை நரைத்தது. "வருஷத்துக்கு ஒரு தடவ கண்ணக் காட்டிருங்க" என்று சீனிக் குளிசை வாங்க வந்த அத்தனை பேருக்கும் சொல்லியிருக்கிறாள். தான் போகவில்லை. கிளினிக்கில் கண்ணுக்கு மருந்து விடுவார்கள். விட்டால் அன்றைக்கு முழுக்க எழுத்து மங்கும், வாசிக்க முடியாது. ஒரு நாள் வாசிப்புப் போகிறதே என்று தள்ளிப்போட்டாள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று போய்க்கொண்டேயிருந்தது.

வாசிப்பு என்றால் கதைதான். நாவல், சிறுகதை. கட்டுரை என்றால் அவளுக்குப் பாகற்காய். கவுண்டருக்கு அடியில், பஞ்சுப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில், எப்போதும் ஒரு புத்தகம் கவிழ்ந்து கிடக்கும். ஆள் இல்லாத நேரம் அது நிமிரும்.

"இது பார்மசியா லைப்ரரியா, புள்ள?" என்பார் ஹாஜியார்.

"ரெண்டும்தான் ஹாஜியார். இதுக்கு பில் இல்ல."

பில் இல்லாத அந்த வியாபாரம் அவளுக்கு நன்றாக நடந்தது. கொழும்பில் இருந்து யாராவது வாங்கி வருவார்கள், கண்டியில் ஒரு கடை இருக்கிறது, டவுன் நூலகம் இருக்கிறது. வாசித்து முடித்தால் அந்தப் புத்தகத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிப்பாள். தனக்குப் பிடித்ததை ஊருக்கெல்லாம் ஊட்டுகிற வழக்கம் அவளிடம் இல்லை. ஆளைப் பார்த்துத்தான் புத்தகம். யாருக்கு நித்திரை வருவதில்லை, யார் வீட்டில் யாருக்கு நெஞ்சு வருத்தம், யார் மருந்தை வாங்கிக்கொண்டு போய்க் குடிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பார்மசியில் நிற்பவளுக்குத் தெரியும். பஸீர் என்று ஒரு த்ரீவீல்காரன். மனைவி குவைத்துக்குப் போய்விட, இரண்டு பிள்ளைகளோடு தனியாகக் கிடந்தான். அவனுக்கு, சமைக்கப் படிக்கும் ஒரு தகப்பனைப் பற்றிய சின்ன நாவலைக் கொடுத்தாள்.

"நான் வாசிக்கிற ஆளா, மிஸ்?"

"ஹயர் வராத நேரம் என்னா பண்றீங்க?"

"போன் பாக்குறேன்."

"அதுக்குப் பதிலா இதப் பாருங்க. படம் இல்ல, அவ்வளவுதான்."

பல மாதம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. உள்ளே ஒரு அத்தியாயம் முழுக்க மஞ்சள் விரல் அடையாளம். அதில் வருகிற பருப்புக் கறியைப் பக்கத்தில் வைத்து ஆக்கியிருக்கிறான். அவள் அதைத் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள். ஸ்கூல் மாஸ்டர் தயாபரனுக்கு, சொத்துப் பிரித்துச் சண்டை போடும் ஒரு மில் குடும்பத்துக் கதையைக் கொடுத்து, "படுக்கைக்குப் போக முந்தி வாசிக்காதீங்க சேர், பிரஷர் ஏறும்" என்றாள். அவர் படுக்கையில்தான் வாசித்தார். அடுத்த கிழமை குளிசையின் அளவைக் கூட்டித்தான் கொடுத்தார்கள்.

கண் போவதற்கு முந்திய வருடம் அவள் வாசித்தவற்றில் மூன்று நான்கு இன்னும் வாயில் இருந்தன. கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். கரையூர்ப் பெண்கள் நால்வரைப் பற்றிய ஒன்று: "மூணாம் பக்கத்துலயே மீன் வாடை வந்துரும், நல்ல புத்தகம், ஆனா புதுசா கல்யாணம் கட்டினவங்களுக்குக் குடுக்க வேணாம்." வெளிநாட்டுக்குப் போன குடும்பம் ஒன்றைப் பற்றிய பெரிய புத்தகம்: "பனி கொட்டுது, எல்லாரும் ஜன்னலப் பாத்து அழுறாங்க. எழுதினவரு யாரையாவது ஒரு நாளைக்கு வேலைக்கு அனுப்பியிருக்கலாம்." தேயிலைத் தோட்டத்து லய வீடுகளைப் பற்றி ஒருவர் எழுதியது: "லயத்துத் தகரத்துல மழை பெஞ்சா பக்கத்துல இருக்கிறவ கத்துறதே கேக்காது. இவரு கொட்டுற மழையில ரகசியம் பேச வெக்கிறாரு. ஆனா அந்தக் கிழவன் சாவுற எடம் இருக்கே, அதுக்காகவே வாசிக்கலாம்." அவள் எல்காடுவப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்.

பிறகு ஒரு நாள் கவுண்டரில், இரண்டு பெட்டிகள் அவளுக்கு ஒரே பெட்டியாகத் தெரிந்தன. தவறான குளிசையைக் கொடுக்கப் போன கையை ஹாஜியாரின் மகன் பிடித்து நிறுத்தினான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னேரம் அவளே சாவிக் கொத்தை மேசையில் வைத்துவிட்டு, கவுண்டருக்கு அடியில் கிடந்த புத்தகத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போக அலுவிகாரை பஸ் ஏறினாள்.

அந்தப் புத்தகம்தான் இந்தக் கதையில் வருவது. தமிழ்நாட்டில், ஒரு கோயில் ஊரில், லொட்ஜ் நடத்தும் குடும்பத்தைப் பற்றியது. தகப்பன் படுக்கையில் விழுந்துவிட, மூத்த மகள் பூங்கொடி லொட்ஜை எடுத்து நடத்துகிறாள். தம்பி சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான். அவன் வருவானா என்று ஒரு கண்ணும், வாடகைக்கு வருகிறவர்கள் மேல் ஒரு கண்ணுமாக அவளுக்குக் காலம் போகிறது. பாதிப் புத்தகம் வரைக்கும் சிவநந்தினி தன் கண்ணாலேயே வாசித்துவிட்டாள். அதற்குமேல் கண் வரவில்லை.

தமிழ் வாசிக்கிற கண் அந்த வீட்டில் வேறு இல்லை. தனுஷா சிங்களத்தில் படித்தவள். ஸ்கூலில் சேர்க்கும் வயதில் யுத்த காலம். தகப்பன் இராசமாணிக்கம் தெளிவாக இருந்தார். "தமிழ்ல படிச்சு என்னத்த? நம்மள மாதிரி கடையில நிக்கவா? சிங்களத்துல படிக்கட்டும், கவர்மென்ட் வேல கெடைக்கும்." கிடைத்தது. கலேவெலவில் ஒரு அரசாங்க ஒபீஸில் மேசையும் பென்ஷனும். இராசமாணிக்கம் அதைப் பார்த்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். தமிழ் எழுத்து தனுஷாவுக்குத் தெரியாமலில்லை. பஸ் போர்டு வாசிப்பாள், கோயில் நோட்டீஸை நின்று பார்த்தால் பிடிபடும். பேசுவதில் குறையே இல்லை. நாவல் என்பது வேறு.

என்னென்னவோ செய்து பார்த்தார்கள். போனில் வாசிக்கும் இயந்திரக் குரல் ஒன்றை தனுஷா போட்டுக் கொடுத்தாள். "சாவு வீட்ட ரயில் டைம் சொல்ற மாதிரி வாசிக்குது, நிப்பாட்டு" என்றாள் தாய். தயாபரன் சேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தார். சொல்வதெழுதச் சொல்வதுபோல, ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்தார். அதற்குப் பிறகு வவுனியாவுக்கு மாற்றலாகிப் போனார். பக்கத்து வீடுகளெல்லாம் சிங்களச் சனம். பிலாக்காய் கொடுப்பார்கள், கிளினிக்குக்குக் கூட்டிப் போவார்கள், வாசிக்கக் கூப்பிட முடியாது. அலுமாரியில் இன்னும் திறக்காத புத்தகங்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. சிவநந்தினி சில நேரம் அதைத் திறந்து, முதுகுகளைத் தடவிவிட்டு மூடுவாள்.

அப்போதுதான் ஹிதாயா கட்டாரில் இருந்து ஒரு வழி சொன்னாள்.

ஹிதாயா, கணவனுக்கு இழுப்பு பம்ப் வாங்க பார்மசிக்கு வந்து சிநேகிதமானவள். டவுனில் சிவநந்தினிக்குச் சரிக்குச் சரி வாசித்தது அவள் ஒருத்திதான். ஆனால் அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். புத்தகம் கைக்கு வந்தவுடன் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாள். முடிவு சரியில்லை என்றால் திருப்பித் தந்துவிடுவாள்.

"யாரும் மவுத்தாவாத ஒண்டு ஈந்தா தாங்க, சிவா."

"ஒருத்தரும் சாகாததுன்னா காலண்டர்தான் இருக்கு."

கணவன் இறந்த பிறகு மகள் றுஸ்னா கட்டாருக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். அங்கே தமிழ்ப் புத்தகம் கிடையாது. ஆகவே ஏற்பாடு இப்படி: தனுஷா வேலையால் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, நாவலின் நான்கு பக்கங்களைப் போனில் படம் பிடித்துக் கட்டாருக்கு அனுப்புவாள். ஹிதாயா பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, அதைக் குரலில் வாசித்து மாத்தளைக்கு அனுப்புவாள். தன் கையில் இருக்கிற புத்தகம் கடல் தாண்டிப் போய், அடுத்த நாள் காதுக்கு வரும். "தபால்ல போட்டாக்கூட இவ்வளவு சுத்தாது" என்று தனுஷா சிரித்தாள். சிவநந்தினிக்கும் சிரிப்பு வந்தது. மறுநாள் போன் கிணுங்கும்வரை வீட்டுக்குள் நடந்துகொண்டேயிருந்தாள்.

ஹிதாயா நன்றாக வாசித்தாள். கோபம் வருகிற இடத்தில் குரல் ஏறும். இடைக்கிடை "அந்தப் பாத்திரத்த எடுத்து வைங்க மகன்" என்று யாருக்கோ சொல்வதும் கதைக்குள் வந்துவிடும். மழை மாதங்கள் அப்படியே போயின. லொட்ஜுக்குக் கடன் வந்தது, தகப்பன் இறந்தான், ஏழாம் நம்பர் அறையில் தங்கியிருந்த ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் போனார். ஒவ்வொன்றுக்கும் சிவநந்தினி பதில் அனுப்புவாள். "பாத்தீங்களா, நான் சொன்னேன்தானே, அந்தாளு சரியில்லன்னு." ஹாஜியாரின் கவுண்டரில் நின்றதுபோல இருந்தது.

கடைசி அத்தியாயம் ஒரு வியாழக்கிழமை வந்தது. தனுஷா பஸ்ஸில் இருந்தாள். சிவநந்தினி கட்டிலில் உட்கார்ந்து, போனைக் காதோடு வைத்துக் கேட்டாள். தம்பி திரும்பி வருகிறான். வாசலில் நிற்கிறான். பூங்கொடி அவனைப் பார்க்கிறாள். இதுவரைக்கும் எழுதினவரின் குரல் அப்படியே இருந்தது. பிறகு ஹிதாயா ஒரு மூச்சு விட்டாள். பூங்கொடி தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதாள். உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தாள். சோறு போட்டாள், இறைச்சி ஆணம் ஊற்றினாள், அவனுக்குப் பிடிக்கும் என்று காலையிலேயே வட்டிலப்பம் அவித்து வைத்திருந்தாள். இருவருமாக லொட்ஜைத் திரும்பத் திறந்தார்கள். முற்றும்.

சிவநந்தினிக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்தது. தமிழ்நாட்டுக் கோயில் ஊரில், சைவ லொட்ஜில், மாத்தளை முஸ்லிம் வீட்டு வட்டிலப்பம். கித்துள் கருப்பட்டிக்கு எங்கே போனாளாம்? சிரித்து முடிந்த பிறகுதான், மற்றதெல்லாம் புத்தகத்தில் இருந்ததா என்ற யோசனை வந்தது. போனைத் தடவித் தடவி ஹிதாயாவுக்கு எடுத்தாள்.

"என்னா ஹிதாயா, பூங்கொடிக்கு வட்டிலப்பம் ஆக்கக் குடுத்தது நீங்களா?"

மறுபக்கம் ஹிதாயாவும் சிரித்தாள். மாட்டிக்கொண்ட சிரிப்பு.

"அல்லாவே. வாயில வந்திட்டு. பெருநாளைக்கு ஆக்கினது."

"சரி. புத்தகத்துல என்னா இருக்கு?"

"அதான் செல்லிட்டேனே. தம்பி வந்த."

"வந்து?"

"வந்த, அவ்வளவுதான். உடுங்க சிவா. நல்லா முடிஞ்சா நல்லம்தானே."

"எழுதினவரு அப்புடி முடிக்கல இல்ல?"

"அவருக்கென்ன, எழுதிட்டுப் போயிட்டாரு. நீங்க அங்கன தனிய இருட்டுல ஈக்கிற. அதக் கேட்டுட்டு ராவைக்கு எப்பிடி உறங்குவீங்க? எனக்கு மனசு வரல்ல."

"எனக்குப் பாவம் பாத்தீங்களா?"

"பாவம் இல்ல சிவா..."

"வேற எங்கெங்க மாத்தினீங்க?"

"கொஞ்சம்தான்" என்றாள் ஹிதாயா. "அந்தத் தகப்பன் மவுத்தாவுற எடத்துல, ரெண்டு வரி. ஆஸ்பத்திரில ஒரு கத ஈந்திச்சு, அது சும்மா மனசக் கெடுக்கிற. அந்தச் சின்னப் புள்ளட விசயமும் உட்டுட்டேன்."

"எந்தச் சின்னப் பிள்ள?"

"உடுங்க."

புத்தகத்தில் ஒரு சின்னப் பிள்ளை இருந்தது என்றே சிவநந்தினிக்குத் தெரியாது. நாலு மாதம் கேட்ட கதை முழுக்க அவள் மடியில் இருந்து நழுவிப் போனதுபோல ஆயிற்று. எது எழுதினவர் சொன்னது, எது ஹிதாயாவின் நல்ல மனசு என்று இனிப் பிரிக்க முடியாது. கோபப்படவும் வரவில்லை. "பேரப்பிள்ளைங்கள நான் கேட்டதா சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுத்த நாள் ஹிதாயா ஒரு குரல் அனுப்பியிருந்தாள். பிறகும் இரண்டு அனுப்பினாள். சிவநந்தினி திறக்கவில்லை.

பொன்னாங்காணி ஆய்ந்த அன்று போயா, பௌர்ணமி. ஒபீஸ் லீவு. பன்சலையில் இருந்து பிக்குவின் உபதேசம் லவுட்ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்தது. சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, தனுஷா தன் கட்டிலில் போய்ச் சாய்ந்த பிறகு, சிவநந்தினி சுவரைப் பிடித்துக்கொண்டு அவளுடைய அறைக்குள் போனாள். கையில் புத்தகம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தனு, கடைசிப் பக்கத்த மட்டும் வாசி."

"யாரு, நானா?"

"நீதான். வேற யாரு இருக்கா."

"ஹிதாயா மாமிக்கு அனுப்புறேனே. இந்தத் தடவ மாத்த மாட்டாங்க."

"வேணாம். நீ வாசி. உனக்கு மாத்தத் தெரியாது."

தனுஷா எழுந்து உட்கார்ந்து புத்தகத்தை வாங்கினாள். கடைசிப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். பள்ளியில் இரண்டாம் மொழியாகப் படித்த எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கூட்டி, சுண்டு விரலை வரிக்குக் கீழே ஓட்டி வாசித்தாள். "தம்... பி... வா... சலில்... நின்... றான். அவனோ... டு... இன்... இன்னொ..."

"இன்னொருவன்."

"...இன்னொருவன். கை... யில்... அள... வு... நா..."

"அளவு நாடா."

"அம்மா, நீங்களே சொல்றதுன்னா நான் எதுக்கு?"

"சரி, சரி. வாசி."

வாசித்தாள். தம்பி அளவு நாடாவோடு ஒரு ஆளைக் கூட்டி வந்திருக்கிறான். அந்த ஆள், கட்டிடத்தை விலை பேச வந்தவன்போல, மாடிப்படியை அளக்கத் தொடங்குகிறான். பூங்கொடி பலகையில் தொங்கிய அறைச் சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மேசையில் நம்பர் பிரகாரம் வரிசையாக வைக்கிறாள். ஏழாம் நம்பருக்குச் சாவி இல்லை. அவ்வளவுதான் புத்தகம். இதற்கு அரை மணித்தியாலம் போனது. தனுஷாவின் நெற்றியில் வேர்த்துவிட்டது. சொற்கள் உடைந்து உடைந்து வந்தாலும், சிவநந்தினி அவற்றை மனதுக்குள் ஒட்டிக்கொண்டே வந்தாள். கடைசி வரி வந்ததும் தொடையில் தட்டினாள்.

"இது! இப்புடித்தான் முடியணும். பாத்தியா, அழவே இல்ல அவ. சாவியத் தொடைக்கிறா. வட்டிலப்பமாம், வட்டிலப்பம்."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை தனுஷா பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"தனு, ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அது போதும் எனக்கு. வாசிக்க வாசிக்க வந்துரும். மேல் தட்டுல ஓரமா ஒரு மெல்லிசுப் புத்தகம் இருக்கு, நூறு பக்கம்தான், அதுல இருந்து தொடங்கலாம்..."

"அம்மா."

"கஷ்டமான சொல்லு வந்தா நான் சொல்லித் தர்றேன்."

"அம்மா, நான் ஏழு மணிக்கு வீட்டுக்கு வாறேன். வந்து சமைக்கணும். இப்ப ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாத்தீங்கதானே. என்னா வாசிச்சேன்னு எனக்கே தெரியாது. எழுத்தத்தான் கூட்டினேன்."

"வரும்டி."

"எனக்கு முப்பத்தோரு வயசு."

பன்சலை உபதேசம் நின்று, மறுபடி தொடங்கியது. சிவநந்தினி புத்தகத்துக்காகக் கையை நீட்டினாள். தனுஷா கொடுக்கவில்லை.

"அப்பாதான் அந்த ஸ்கூல்ல சேர்த்தாரு" என்றாள் சிவநந்தினி. யாரும் கேட்காமலே சொன்னாள்.

"தெரியும். நல்லதுதானே செஞ்சாரு. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல." தனுஷாவின் குரலில் சண்டை இல்லை. ஒபீஸ் மேசையில் ஒரு விசயத்தை விளக்குகிறவள்போலப் பேசினாள். "அந்தச் சாப்பாட்டு மேசையில எதிரெதிரா உக்காருவோம், ஞாபகமா? அந்தப் பக்கம் நான் சிங்களத்துல ஹோம்வேர்க் செய்வேன். இந்தப் பக்கம் நீங்க வாசிச்சிட்டு இருப்பீங்க. ஏதாவது கேட்டா, இந்தப் பக்கம் முடியட்டும்னு சொல்லுவீங்க. சில நேரம் நீங்களா சிரிப்பீங்க. என்னான்னு கேட்டா, 'உனக்கு வெளங்காது, பெரியவங்க கத'ன்னு சொல்லுவீங்க. அப்ப நான் சின்னப் பிள்ள, சரிதான்."

"ஒனக்கு வேலை நெறைய இருந்துச்சு..."

"நான் குத்தம் சொல்லல. ஒண்ணு கேக்கணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான். பஸீர் அண்ணனுக்கு அந்த சமைக்கிற கத குடுத்தீங்க. தயாபரன் சேருக்கு மில்லு கத. ஹிதாயா மாமிக்கு யாரும் சாகாத கத தேடித் தேடிக் குடுத்தீங்க. பார்மசிக்கு ஒரு தடவ வந்த ஆளுக்குக்கூட என்னா புத்தகம் சரியா வரும்னு ஒடனே சொல்லுவீங்க." அவள் தாயின் பக்கம் திரும்பினாள். "எனக்கு நல்லா வாசிக்க வந்திருந்தா, எனக்கு எதக் குடுத்திருப்பீங்க?"

சிவநந்தினி உடனே வாயைத் திறந்தாள். அது பழக்கம். ஒரு ஆள் முன்னால் நின்று கேட்டால், கை தன்பாட்டில் கவுண்டருக்கு அடியில் போகும். அந்தக் கரையூர்ப் பெண்கள் கதை? அது யாருக்கு? கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறவளுக்கு அதைக் கொடுக்கலாமா கூடாதா? ஏன் வேண்டாம் என்கிறாள்? கேட்டதுண்டு. "பாப்போம்மா" என்பாள், அதோடு சரி. லயத்துக் கதை? தாய் பிறந்த லயத்தை அவள் இரண்டு தரம் பார்த்திருக்கிறாள், இரண்டு தரமும் அட்டை காலைக் கடிக்கிறது என்று சொன்னாள். சிரிக்க வைக்கிற கதையா? இவள் எதற்குச் சிரிப்பாள்? ஒபீஸில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள்? பஸ்ஸில் அவ்வளவு தூரம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வருகிறவள் என்ன நினைத்துக்கொண்டு வருவாள்? சோகமாக முடிந்தால் தாங்குவாளா, ஹிதாயா மாதிரி ஓடுவாளா? பஸீரின் மூத்த பிள்ளைக்கு இருட்டென்றால் பயம் என்பதுகூட சிவநந்தினிக்குத் தெரியும்.

மகளின் பக்கம் திரும்பினாள். காது தெரிந்தது. காதில் சின்னத் தோடு தெரிந்தது, அதை எப்போது வாங்கினாள் என்று தெரியவில்லை. தோளில் கிடந்த ஈரத் துவாய் தெரிந்தது. நடுவில் அந்தச் சாம்பல் திட்டு.

"நீ..." என்றாள்.

தனுஷா காத்திருந்தாள். புத்தகத்தை மடியில் வைத்து, சுண்டு விரலை இன்னும் கடைசி வரியிலேயே வைத்திருந்தாள்.

"நீ வந்து..."

வெளியே த்ரீவீல் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. பக்கத்து வீட்டில் யாரோ சிங்களத்தில் கூப்பிட்டார்கள், வேறு யாரையோ. சிவநந்தினியின் கை கட்டில் விரிப்பில் அங்குமிங்கும் போய் ஒரு நூலைப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தது.

தனுஷா விரலை எடுத்தாள். புத்தகத்தை மூடித் தாயின் கையருகில் வைத்தாள், கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி. மேசையில் இருந்த காலித் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு, துவாயைத் தோளில் சரிசெய்துகொண்டு, அறையை விட்டுப் போனாள்.